அறிக்கையில் ஈ4 வந்த பிறகு: நம்மைப் போன்றவர்களைத் தேடிச் சேர்வது எப்படி

அல்சைமர் வரும் வாய்ப்பு அதிகம் என்று மரபணு அறிக்கை சொன்னதும் பலர் செய்யும் முதல் தவறு, அல்சைமர் நோயாளிகளைப் பராமரிப்பவர்களின் குழுவில் போய்ச் சேர்வது. நோயின் பெயர் ஒன்றுதான், ஆனால் இடம் வேறு. அங்கே பேசுவதெல்லாம் அம்மா சாப்பிட மறுப்பது, அப்பா ராத்திரியில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு கிளம்புவது, எந்த டயப்பர் கசியாது என்பது. நாற்பது வயதில் நல்லபடியாக வேலைக்குப் போய்வருகிற ஒருவர் அதை ஒரு மணி நேரம் கேட்டால், தன்னுடைய எழுபத்தைந்தாம் வயதைப் பார்த்துவிட்டு வந்ததாகவே நினைத்துக்கொள்வார். வாய் திறந்து பேசினாலோ, மூன்று நாள் தூங்காமல் வந்திருக்கும் ஒரு மகள், "உங்களுக்குத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லையே" என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

நீங்கள் தேட வேண்டியது அதே மரபணு உள்ளவரை, அதிலும் உங்களைப் போல இன்னும் நோய் வராதவரை. இந்த இரண்டும் பொருந்தினால்தான் பேச்சு ஒட்டும்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

"அல்சைமர் ஜீன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒன்று ஏப்போ-ஈ. 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வடிவம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று எல்லோரிடமும் இரண்டு இருக்கும். ஈ4 அல்சைமரோடு தொடர்புடையது என்பதை 1993-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இது வாய்ப்பைக் கூட்டும் மரபணு. இருந்தால் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

எவ்வளவு கூட்டும்? 2011-இல் வெளியான, ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் போட்ட கணக்கு ஒன்று: 85 வயதுக்குள் அல்சைமர் வரும் வாய்ப்பு பொதுவாக ஆண்களுக்கு 11%, பெண்களுக்கு 14%. ஒரு ஈ4 இருந்தால் 23%, 30%. இரண்டு ஈ4 இருந்தால் 51%, 60%. ஈ4-இன் வீரியம் வம்சாவளியைப் பொறுத்து மாறும். ஆப்பிரிக்க வம்சாவளியினரில் குறைவாகவும் கிழக்காசியரில் கூடுதலாகவும் பதிவாகியிருக்கிறது. ஆகவே இந்த எண்களைத் தமிழர் ஒருவர் தன் ஜாதகம்போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று பிரெசெனிலின்-1, பிரெசெனிலின்-2, ஏபிபி என்ற மூன்று மரபணுக்களில் வரும் அரிய பிறழ்வுகள். மொத்த அல்சைமரில் இவற்றின் பங்கு 1%-க்கும் கீழே. ஆனால் இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி, அதுவும் முப்பதுகளிலிருந்து அறுபதுகளுக்குள் தொடங்கிவிடும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 50% வாய்ப்பு. கொலம்பியாவின் ஆன்டியோக்கியா மாநிலத்தில் ஒரே பிரெசெனிலின்-1 பிறழ்வைச் சுமக்கும் பெரிய வம்சமே இருக்கிறது. இந்த வகைக்காரரும் ஒற்றை ஈ4 உள்ளவரும் ஒரே குழுவில் உட்கார்ந்தால் இருவருக்குமே கஷ்டம். "வரலாம், வராமலும் போகலாம், நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்ற ஆறுதல் பிரெசெனிலின் பிறழ்வு உள்ளவரின் காதில் அபத்தமாக விழும்.

அறிக்கையைப் படிப்பதில் வழக்கமாக நேரும் குழப்பங்களும் உண்டு. மாரடைப்பு பேக்கேஜில் வரும் ஏப்போ-பி என்பது கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்தின் அளவு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தில் ஏப்போ-ஈ புரதம் எவ்வளவு என்று அளப்பதும் வேறு சோதனை. உங்களுக்கு வேண்டியது "ஈ3/ஈ4" என்பது மாதிரியான இணை. வீட்டுக்கு வரும் எச்சில் குழாய்ச் சோதனையின் மூலத் தரவை வேறொரு தளத்தில் ஏற்றி, "பிரெசெனிலின் பிறழ்வு இருக்கிறது" என்று வந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். இப்படி மூலத் தரவில் தெரிந்த பிறழ்வுகளை மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி சோதித்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 40% தவறு என்று வந்தது. குழு தேடுவதற்கு முன் மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லாத பிறழ்வுக்காக ஆறு மாதம் அழுவது வேண்டாம்.

ஒரே ஒரு முறையாவது மரபணு ஆலோசகர்

சக மனிதர்களால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு: உங்கள் அறிக்கையை உங்கள் குடும்ப வரலாற்றோடு சேர்த்துப் படித்துச் சொல்வது. அதற்கு மரபணு ஆலோசகர் வேண்டும். அமெரிக்காவில் தேசிய மரபணு ஆலோசகர் சங்கத்தின் தேடல் வசதியில் ஊர்வாரியாகக் கிடைப்பார்கள்; தொலைபேசி வழி சந்திப்பும் உண்டு. பிரிட்டனில் ஜிபி என்ற குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்-இன் மரபியல் பிரிவு. ஒற்றை ஈ4-க்கு அவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிரெசெனிலின் சந்தேகத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி-யில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது.

போகும்போது மூன்று தலைமுறைப் பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள்: யாருக்கு மறதி, எந்த வயதில் தொடங்கியது, எந்த வயதில், எதனால் இறந்தார். நம் வீடுகளில் "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறிடுச்சு" என்ற ஒரே வரியில் முடித்திருப்பார்கள். பெரியம்மாவையோ சித்தப்பாவையோ கேட்டு, குறைந்தது தொடங்கிய வயதையாவது தெரிந்துகொள்ளுங்கள். 50-இல் தொடங்கியதா 80-இல் தொடங்கியதா என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றும்.

இந்தச் சந்திப்பை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட வேண்டாம். ஈ4 முடிவைச் சொல்வது மனத்தை நொறுக்குமா என்று பார்த்த 'ரிவீல்' ஆய்வு 2009-இல் வெளியானது. அல்சைமர் நோயாளிகளின் பிள்ளைகள் 162 பேர் கலந்துகொண்டார்கள். முடிவு தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இடையே ஓராண்டில் பதற்றத்திலோ மனச்சோர்விலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்களுக்கு முன்னும் பின்னும் ஆலோசனை கிடைத்தது. ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் மொபைலைத் திறந்து தெரிந்துகொண்டவருக்கு அது கிடைக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு கேள்வி: "இதே முடிவு வந்து, மற்றவரோடு பேசச் சம்மதம் சொன்ன யாராவது உங்களிடம் இருக்கிறார்களா?" ஆலோசகரிடம் அப்படி ஒருவரோ இருவரோ இருப்பது உண்டு, கேட்காமல் அவர்களாகச் சொல்வது அரிது. எல்லாத் தேடலிலும் குறுக்குவழி இதுதான்.

பேசத் தொடங்குமுன் பூட்ட வேண்டிய கதவுகள்

அமெரிக்காவில் 2008-இன் ஜினா சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும், 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களிலும் மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு மூன்றும் அதற்கு வெளியே. ஃபுளோரிடா 2020-இல் இந்த மூன்றையும் சேர்த்துத் தனிச் சட்டம் போட்டது. கனடாவில் 2017-இன் சட்டம் இதைவிட அகலமானது. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட விதிப்படி அல்சைமர் மரபணு முடிவைக் கேட்கவே கூடாது. இந்தியாவில் ஜினா போலத் தனிச் சட்டம் இல்லை. ஆகவே அமெரிக்காவில் நீண்டகாலப் பராமரிப்பு பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால், ஊர் முழுக்கச் சொல்வதற்கு முன் அந்த வேலையை முடிப்பது நல்லது. படிவத்தில் நேரடியாகக் கேட்டால் பொய் எழுதாதீர்கள். பிற்பாடு பாலிசியே செல்லாமல் போகும்.

அடுத்தது பெயர். குழுக்களுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று, புனைபெயர் ஒன்று. வயதைச் சொல்லும்போது "நாற்பதுகளில்" போதும். அறிக்கையின் படத்தைப் போடவே வேண்டாம். மூலையில் பார்கோடு, மாதிரி எண், சில சமயம் பிறந்த தேதியே இருக்கும். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நொடியே உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும், அதைத் தேடினால் முகமும் தெரியும். சிக்னலில் 2024-இலிருந்து எண்ணை மறைத்துப் பயனர்பெயரோடு சேரலாம். ஜூமில் நுழையும்போது உங்கள் பெயருக்குக் கீழே அலுவலகத்தின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். ஆபீஸ் மடிக்கணினியில் சேர்கிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சோதனை நிறுவனத்தின் கணக்கிலும் ஒரு வேலை இருக்கிறது. 'டி.என்.ஏ உறவினர்' வசதி திறந்திருந்தால், சான் ஹோசேயில் இருக்கும் ஒன்றுவிட்ட மச்சான் உங்கள் பெயரைப் பார்ப்பார். 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023-இல் நடந்த தரவுத் திருட்டு இந்த வசதி வழியாகத்தான் லட்சக்கணக்கானவர்களுக்குப் பரவியது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. உறவினர் வசதியை அணையுங்கள், அறிக்கையை இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வேண்டுமானால் கணக்கை அழித்துவிடுங்கள்.

எங்கே தேடுவது

ஒற்றை அல்லது இரட்டை ஈ4 உள்ளவர்களுக்கென்றே அமெரிக்காவில் 'ஏப்போஈ4.இன்ஃபோ' என்ற லாப நோக்கற்ற அமைப்பு இருக்கிறது. ஈ4 உள்ளவர்களே தொடங்கி நடத்துவது. அங்கே வருகிறவர்களில் ஆய்வுக் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்தவர்கள் அதிகம். அதனால் முதல் வாரத்தில் மூச்சு முட்டும். புதியவர்களுக்கான அறிமுகப் பகுதியோடு நிறுத்திக்கொண்டு, கொலஸ்ட்ரால் சண்டைகளுக்குள் பிறகு போகலாம்.

அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் 1-800-272-3900 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் தமிழிலும் பேசலாம். அழைத்ததும் "எனக்கு நோய் இல்லை, மரபணு முடிவு மட்டும் வந்திருக்கிறது. பராமரிப்பாளர் குழு வேண்டாம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவரின் கை தானாகப் பராமரிப்பாளர் பட்டியலைத்தான் எடுக்கும்.

பிரெசெனிலின், ஏபிபி குடும்பங்களுக்கு லண்டன் யூ.சி.எல் பல்கலைக்கழகத்தின் 'ரேர் டிமென்ஷியா சப்போர்ட்' நல்ல இடம். பரம்பரை அல்சைமருக்கென்று தனிக் குழுவே நடத்துகிறார்கள். சோதனை செய்துகொள்ளாமல் 50% வாய்ப்போடு இருக்கும் பிள்ளைகளும் சேரலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 2008-இல் தொடங்கிய, பரம்பரை அல்சைமர் குடும்பங்களுக்கான 'டையன்' ஆய்வும் அப்படித்தான்: கலந்துகொள்ள உங்கள் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆய்வில் சேர்வதன் பக்கப் பலன், இதே வாழ்க்கையை வாழும் பிற குடும்பங்களைச் சந்திப்பது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் சகாக்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. டி.என்.ஏ-வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே, தன் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது ஏப்போ-ஈ பகுதியை மட்டும் மறைக்கச் சொன்னார்.

தமிழ்நாட்டில், இந்திய அல்சைமர் அமைப்பான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ-யின் சென்னைக் கிளையும், அண்ணா நகரில் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டெம்கேர்ஸ் பிரிவும் டிமென்ஷியா (மறதிநோய்) குடும்பங்களோடு வேலை செய்கின்றன. கொழும்பில் லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷன், சிங்கப்பூரில் டிமென்ஷியா சிங்கப்பூர். இவை பிரதானமாக நோயாளிக்கும் பராமரிப்பவருக்குமானவை. அங்கே போய்க் குழுவில் உட்காராமல், பொறுப்பாளரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேட்டுப் பேசுங்கள்: "பெற்றோருக்கு நோய் வந்து, தனக்கும் வருமோ என்று பயப்படும் பிள்ளைகள் உங்களிடம் வருகிறார்களா? என் எண்ணை அவர்களிடம் கொடுக்கச் சம்மதம்." அவர்களுடைய எண்ணை நீங்கள் கேட்காமல், உங்களுடையதைக் கொடுத்துவிட்டு வருவதுதான் முறை.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக் குழுவில் சேர்ந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணி என்றால் கோடையில் நமக்கு அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. லண்டனில் மாலை 6 மணி கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. தூக்கம் கெடுவது மூளைக்கு நல்லதல்ல என்று பேசுவதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் என்ன நியாயம்? பகல் நேரக் கூட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் எழுத்துவழிக் குழுவே போதும்.

குழுவை எடைபோடுதல்

முதல் இரண்டு கூட்டம் காது மட்டும் போதும். வாய் வேண்டாம். கவனிக்க வேண்டியவை: யார் நடத்துகிறார், அவருக்கு இதில் வருமானம் இருக்கிறதா? கூட்டம் பதிவாகிறதா? கொஞ்ச நேரம் அழுத ஒருவரை விட்டுவைக்கிறார்களா, உடனே மீன் எண்ணெய் சொல்கிறார்களா?

குழுவுக்குள் மருந்து விற்க வருகிறவர்கள்தான் பெரிய தொல்லை. நோயறிகுறி இல்லாத ஈ4 உள்ளவருக்கு அல்சைமரைத் தடுத்துவிடும் என்று நிரூபணமான மாத்திரையோ பொடியோ எண்ணெயோ இன்றுவரை கிடையாது. அதனால் "ஈ4-ஐ அணைத்துவிடலாம்", "மறதியைத் திருப்பிவிடலாம்" என்ற பேச்சு வந்தால், தள்ளுபடிக் குறியீடு பின்னாலேயே வரும். உங்கள் மூலத் தரவுக் கோப்பைக் கேட்கும் குழுவிலிருந்து அன்றே விலகுங்கள். குழுவில் உருப்படியாகப் பேசிக்கொள்ளவும் விஷயம் இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சரிசெய்யக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, உலகின் டிமென்ஷியாவில் சுமார் 45% அவற்றோடு தொடர்புடையது என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்.டி.எல் கொழுப்பு, காது கேளாமை எல்லாம் அதில் உண்டு. காது மெஷின் வாங்கக் கூச்சப்படும் ஐம்பது வயதுக்காரரை வாங்க வைத்தால் அந்தக் குழு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அறிமுகச் செய்தி ஆறு வரியைத் தாண்ட வேண்டாம். எந்த இணை, எந்த வயது வரம்பு, வீட்டில் யாருக்கு, தெரிந்து எவ்வளவு நாள், இப்போது என்ன வேண்டும், என்ன வேண்டாம். உதாரணத்துக்கு:

"வணக்கம், மல்லி என்று கூப்பிடுங்கள். நாற்பதுகளில் இருக்கிறேன், ஈ3/ஈ4. அம்மாவுக்கு எழுபதுகளில் தொடங்கியது. எனக்கு முடிவு தெரிந்து ஒரு மாதம் ஆகிறது. கணவருக்கு மட்டும் தெரியும். தம்பியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போதைய கவலை. அதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் பேச ஆசை. உணவு, மாத்திரை யோசனைகள் இப்போதைக்கு வேண்டாம்."

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் வரும் பதிலில் பாதி தேங்காயெண்ணெயைப் பற்றி இருக்கும்.

பெரிய குழுவில் இரண்டு மாதம் இருந்தால் ஒருவரோ இருவரோ மனதுக்கு ஒட்டுவார்கள். அவரிடம் தனித்துணை கேளுங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம், மூன்று மாதம், பிறகு தொடரலாமா என்று இருவரும் யோசிக்கலாம். காலக்கெடு வைக்காமல் தொடங்கும் துணை, யாரோ ஒருவர் போனை எடுக்காமல் விடுவதில்தான் முடியும்.

வீட்டுக்குள்

உங்கள் அறிக்கை உங்களுடையது மட்டுமல்ல என்பது இந்தச் சோதனையின் விசித்திரம். உங்களுக்கு ஈ4/ஈ4 என்றால் அம்மா, அப்பா இருவரிடமும் குறைந்தது ஒரு ஈ4 இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று கட்டாயம் போயிருக்கிறது. கூடப் பிறந்தவர்களுக்குக் குறைந்தது ஒரு ஈ4 இருக்க 75%-க்குக் குறையாத வாய்ப்பு. அவர்கள் யாரும் எச்சிலே துப்பவில்லை. இப்போது இன்னொரு வழியாகவும் இது வீட்டுக்குள் நுழைகிறது. லெக்கானிமாப் போன்ற அல்சைமர் மருந்து கொடுப்பதற்கு முன் நோயாளிக்கு ஏப்போ-ஈ பார்க்கச் சொல்கிறார்கள். ஏனென்றால் மூளை வீக்கம் என்ற பக்கவிளைவு அந்த மருந்தின் பெரிய ஆய்வில் இரண்டு ஈ4 உள்ளவர்களில் 32.6% பேருக்கு வந்தது, ஈ4 இல்லாதவர்களில் 5.4% பேருக்கு. அப்பாவின் மருந்துக்காக எடுத்த ரத்தத்தில் ஈ4/ஈ4 என்று வந்தால், பிள்ளைகளின் முடிவில் பாதி அங்கேயே தெரிந்துவிடுகிறது.

சொந்தத்தில் கட்டிய வீடுகளில் இன்னும் ஒரு முடிச்சு. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டும்போது கணவன் மனைவி இருவரும் ஒரே முன்னோரின் ஈ4-ஐச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரிடமும் ஒன்று இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஈ4 வர 25% வாய்ப்பு. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவரிடம் சொல்வது என்பது இரண்டு பக்கத்துச் சம்பந்திகளிடமும் சொல்வது.

அதனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருநாளும் போடாதீர்கள். ஒவ்வொருவராக, போனில். முதலில் அனுமதி கேளுங்கள்: "அக்கா, என் டெஸ்ட்ல ஒரு விஷயம் வந்திருக்கு. நம்ம குடும்பத்துக்கும் அதுல சம்பந்தம் இருக்கு. உனக்குத் தெரிஞ்சுக்கணுமா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்லு. அவசரமே இல்ல." வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள்; முகத்தை வைத்துச் சொல்லிவிடாமல் இருப்பதுதான் கஷ்டம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குச் சோதனை எடுக்கக் கூடாது என்பதில் மரபணு ஆலோசகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் சொல்வதா என்று கேட்டால், ஒற்றை ஈ4 என்பது நாலில் ஒருவர் அளவுக்குச் சாதாரணமாகப் பல சமூகங்களில் காணப்படுவது என்பதை வைத்து முடிவெடுங்கள். பிரெசெனிலின் பிறழ்வு அப்படியல்ல, அதை வாழ்க்கைத் துணையாக வரப்போகிறவரிடம் நேரில் சொல்லியாக வேண்டும்.

குழு கிடைக்கவில்லை என்றால் நீங்களே தொடங்கலாம்

நாலு பேர் போதும், எட்டைத் தாண்ட வேண்டாம். மாதம் ஒருமுறை, 75 நிமிடம். முதல் 20 நிமிடம் சுற்றுவரிசையாக ஒவ்வொருவரும் இரண்டு மூன்று நிமிடம். அடுத்த 40 நிமிடம் முன்பே முடிவுசெய்த ஒரே விஷயம்: உடன்பிறப்பிடம் சொல்வது, காப்பீடு, மறதிப் பயம், உயில் என்று மாதத்துக்கு ஒன்று. கடைசி 15 நிமிடம் அடுத்த மாதம் வரை யார் யாருக்குப் போன் செய்வது என்று முடிவுசெய்ய. நடத்துகிறவர்கள் இருவர் இருக்கட்டும். ஒருவருக்கு அன்று முடியாமல் போகும், அதுவும் அடிக்கடி.

விதிகள் மூன்றை முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லோரிடமும் சம்மதம் வாங்குங்கள். இங்கே கேட்டது இங்கேயே. பெயர் சொல்லாமல்கூட வெளியே கதையாகச் சொல்லக் கூடாது, ஏனென்றால் ஊரும் வயதும் தொழிலும் சேர்ந்தால் பெயர் தானே வந்துவிடும். விற்பனை இல்லை. ஆய்வுச் செய்தி போடுகிறவர், அது எத்தனை பேரிடம், மனிதரிடமா எலியிடமா என்று ஒரு வரி சேர்த்தே போட வேண்டும். 2024 மே மாதம் இரண்டு ஈ4 இருப்பதையே அல்சைமரின் தனி மரபணு வடிவமாகக் கருத வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்தது. அதில் சொன்னது, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தின் அளவு 65 வயதில் ஏறக்குறைய எல்லோருக்கும் மாறியிருந்தது என்பது. எல்லோருக்கும் மறதி வந்தது என்றல்ல. தலைப்பை மட்டும் பகிரும் பழக்கம் இருந்தால் அப்படி ஒரு நாள் குழுவையே கலைத்துவிடும். ஈ4/ஈ4 உள்ளவர்கள் இருவராவது இருந்தால் அவர்களுக்குத் தனியாகப் பேச ஓர் ஓரம் ஒதுக்குங்கள். ஒற்றை ஈ4 உள்ளவர்கள் "நமக்கெல்லாம்" என்று பேசும்போது அவர்கள் வாய் மூடிக்கொள்கிறார்கள்.

எந்தக் குழுவிலும் முதலில் தலைதூக்குவது மறதிப் பரீட்சை. சாவியை எங்கே வைத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன, அந்த நடிகர் யார் என்று தினமும் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஈ4 இருப்பது தெரிந்த முதியவர்கள், ஈ4 இருந்தும் தெரியாதவர்களைவிட நினைவாற்றல் தேர்வில் குறைவாகவே வாங்கினார்கள். தங்கள் நினைவாற்றலையும் மோசமாக மதிப்பிட்டார்கள். மரபணு ஒன்றுதான், அதைத் தெரிந்துகொண்டதே கனத்தது. ஆகவே குழுவில் மறதிக் கதைகளை ஒப்பிடும் நேரம் வைக்க வேண்டாம். உண்மையான சந்தேகம் உள்ளவர் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை அடிப்படைச் சோதனை எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பிறகு ஆண்டுக்கொருமுறை அதோடு ஒப்பிட்டால் போதும்.

குழுவின் எல்லை எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, வேலை ஓடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் சக மனிதர்கள் போதாது, மருத்துவர் வேண்டும். "அப்படி ஆவதற்கு முன்னாலேயே போய்விடலாம்" என்று ஒருவர் சொன்னால் அதைத் தத்துவமாக விவாதிக்காதீர்கள். "தற்கொலை பற்றிச் சொல்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள், போனை வைக்காமல் உடனிருந்து உதவி எண்ணை அழைக்க வையுங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் 14416, தமிழில் பேசுவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் 116 123. இலங்கையில் 1926. இந்த எண்களைக் குழுவின் முகப்பில் ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆண்டுகள் ஓடும்போது குழுவில் யாருக்காவது நோய் தொடங்கவும் செய்யலாம். கூட்டத்துக்கு இரண்டு முறை தேதி மாறி வருவார், அல்லது சொன்னதையே சொல்வார். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். நடத்துகிறவர்களில் ஒருவர் தனியாக அவரை அழைத்து, கவனித்ததை மட்டும் சொல்லி, மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். நோய் உறுதியானால் ஆரம்ப நிலை நோயாளிகளுக்கென்று அல்சைமர் சங்கங்கள் நடத்தும் குழுக்களில் அவரைச் சேர்த்துவிட்டு, பழைய குழுவில் இருந்து ஒருவர் மாதம் ஒருமுறை அவரை அழைப்பது என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். அவரது மனைவியிடமோ கணவரிடமோ முன்பே அனுமதி வாங்கி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புனைபெயரிலேயே பழகியிருந்தால், குழுவுக்கு வெளியே அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறதா என்று முதல் ஆண்டிலேயே எல்லோரையும் கேட்டுவிடுவது நல்லது.